பி, ஏ, என்

என் மேஜையின் கீழ் டிராயரில் ஒரு ஜெராக்ஸ் தாள் இருக்கிறது. 2004-இல் வந்த ஒரு ஃபேக்ஸின் நகல். ஃபேக்ஸ் தாளில் எழுத்து சீக்கிரம் வெளுத்துவிடும் என்று அன்றைக்கே எடுத்து வைத்தேன். அதில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் தொடங்கி வெளியே வழிந்து, என் கையெழுத்தில் பத்து எழுத்து இருக்கிறது. எங்கள் கம்பெனியின் பான் நம்பர்.

ஆம்பூருக்கு இந்தப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் டாக்குமென்ட் வேலை பார்க்கிறேன். இன்வாய்ஸ், பாக்கிங் லிஸ்ட், சரக்கு எந்த நாட்டில் தயாரானது என்ற சான்றிதழ். இவை சரியாக இருந்தால்தான் கன்டெய்னர் சென்னைத் துறைமுகத்தைத் தாண்டும். வீடு வேலூர் கொசப்பேட்டையில். காலை ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ். 2003-இல் சேர்ந்தேன். அடுத்த வருஷம் மே மாதம் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. கொஞ்ச நாளில் அந்த நாட்டிலிருந்து எங்களுக்கு முதல் ஆர்டர் வந்தது, கூடவே ஒரு பதிவுப் படிவமும். பெரும்பாலான வரிகளுக்குக் கீழே பொடி எழுத்தில் ஆங்கிலம் இருந்தது. ஒரு வரிக்கு மட்டும் இல்லை. அதில் இரண்டு கட்டங்கள். ஒன்றின் பக்கத்தில் பி, ஏ, என். மற்றதன் பக்கத்தில் அதே மூன்றெழுத்தும் கடைசியில் ஒரு ஐ-யும்.

வருமான வரி பான் எண்ணை நாள் முழுக்க எழுதுகிறவள் நான். ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், மறுபடி ஓர் எழுத்து. நான்காவது எழுத்தைப் பார்த்தே யாருடையது என்று சொல்லிவிடலாம்; கம்பெனி என்றால் சி, தனி ஆள் என்றால் பி. போலந்திலும் அதைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். முதல் கட்டத்தில் எண்ணை எழுதி, இரண்டாவதில் ஒரு கோடு போட்டு அனுப்பிவிட்டேன்.

மூன்று நாள் கழித்து அந்த அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா பதில் எழுதியிருந்தார். 'பான்' என்றால் எங்கள் மொழியில் ஆணுக்கு முன்னால் போடும் 'திரு', 'பானி' என்றால் பெண்ணுக்கு முன்னால் போடுவது, நீங்கள் பெண் என்றால் இரண்டாவது கட்டத்தில் டிக் மட்டும் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று நான்கே வரி. கண்டிக்கிற தொனி துளிகூட இல்லை. என்ன செய்தேன் என்று புரிந்தபோது எனக்கு முகம் சுட்டது. அப்புறம் வேறொன்று தோன்றி அது இன்றுவரை போகவில்லை. இதே மூன்று எழுத்து எனக்கு வரி எண், அவருக்கு மரியாதைச் சொல். இன்னும் எத்தனை பேருக்கு என்னென்னவாக இருக்கும்? அன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி முதல் பக்கத்தில் 'போலந்து: திரு' என்று எழுதினேன்.

போலந்துக்காரர்களின் மரியாதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழக்கமில்லாதவரிடம் அவர்கள் 'நீ' போட்டுப் பேசுவதில்லை. நாம் 'நீங்கள்' என்று பன்மைக்குப் போகிறோம், அவர்கள் அப்படியும் போவதில்லை. எதிரில் நிற்பவரையே படர்க்கையில் வைத்து 'பான் காபி குடிப்பாரா?', 'பானி எப்போது அனுப்புவார்?' என்று அவரிடமே கேட்கிறார்கள். இது எனக்கு அந்நியமாகத் தோன்றவே இல்லை. நைனா மேல்விஷாரத்தில் டேனரியில் வேலை பார்த்தார். முதலாளி வாசலில் வந்து நிற்கும்போது, அவர் முகத்தைப் பார்த்தே 'சாயபு சாப்ட்டாரா?' என்று நைனா கேட்பார். சாயபும் 'ஆச்சு' என்பார். நேருக்கு நேர் 'நீங்கள்' என்பதுகூடக் கொஞ்சம் நெருக்கம் ஆகிவிடுமோ என்ற தயக்கம் அது. போலந்துக்காரர்கள் அந்தத் தயக்கத்தை இலக்கணமாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

இந்தப் பான் பழைய செக் மொழியில் 'ஹ்பான்' என்று இருந்திருக்கிறது. ஸ்லாவிய நாடுகளில் ஒரு வட்டாரத் தலைவனுக்கு 'ஜுபான்' என்று பட்டம் உண்டு, அதோடு சேர்த்துச் சொல்கிறார்கள். முதலில் பிரபு, பிறகு எசமான், இன்றைக்குக் கடைக்கு வருகிற எவரும் பான். போலிஷில் அரசு என்ற சொல்லும் இதிலிருந்து பிறந்ததுதான், நம்முடைய அரசனிலிருந்து அரசு வந்த மாதிரியே.

நோட்டின் இரண்டாவது பக்கம் 2009-இல் நிறைந்தது. ஸ்பெயினிலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்து ஆறு வாரம் தங்கினார். எல்ச்சே என்ற ஊர்க்காரர். ஆம்பூர் போலவே அதுவும் ஷூ தைத்துப் பிழைக்கிற ஊர். முதல் நாள் மதியம் கேன்டீனில் பிரியாணி. அவர் தட்டைப் பார்த்தார், மேஜையைச் சுற்றிப் பார்த்தார், 'பான்?' என்றார். பரிமாறிய அண்ணன் வாணியம்பாடிக்காரர், வீட்டில் உருது பேசுபவர். சாப்பிடுவதற்கு முன்பே பான் கேட்கிறாரே என்று ஒரு கணம் நின்றார். விருந்தாளி கேட்டுவிட்டார், அவ்வளவுதான், கடைக்கு ஓடிப் போய் இரண்டு இனிப்பு பீடா கட்டி வாங்கி வந்து தட்டோரம் வைத்தார். ஸ்பெயின்காரர் மறுக்கவில்லை. ஒன்றை எடுத்து முழுவதும் மென்று முடித்தார். அதன் பிறகுதான் பேட்டர்ன் வெட்டும் அட்டை ஒன்றை எடுத்து, பென்சிலால் நீளமாக ஒரு ரொட்டி வரைந்து, மேலே மூன்று கீறல் போட்டுக் காட்டினார். மறுநாளிலிருந்து பேக்கரி ரொட்டி வாங்கி வைத்தோம். பிரியாணி இருந்தாலும், குழம்பு இருந்தாலும், பக்கத்தில் அது இருக்க வேண்டும். ரொட்டி இல்லாத சாப்பாடு அவருக்கு சோறு வைக்காத பந்தி மாதிரி.

லத்தீனில் 'பானிஸ்' என்றால் ரொட்டி. அதுதான் ஸ்பெயினில் பான், இத்தாலியில் பானே. பிரான்சிலும் போர்ச்சுகலிலும் கடைசி ஒலி மூக்குக்குள் போய்விட்டது. கம்பெனி என்ற சொல்லுக்குள்ளும் இதே பானிஸ் இருக்கிறது என்று தெரிந்த அன்று நான் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். 'கோம்' என்றால் கூட, 'பானிஸ்' என்றால் ரொட்டி. ஒரே ரொட்டியைப் பிட்டுச் சாப்பிடுகிறவர்கள் கூட்டாளிகள், அப்படிப்பட்டவர்கள் சேர்ந்தால் அது கம்பெனி. எங்கள் பக்கம் யாரும் ஃபேக்டரி என்று சொல்வதில்லை. 'எங்க பொண்ணு கம்பெனிக்குப் போவுது' என்றுதான் சொல்வார்கள். ஷூ என்ற சொல்லைக்கூடச் சேர்க்க வேண்டாம், கம்பெனி என்றால் ஷூ கம்பெனிதான். மாதனூர், பள்ளிகொண்டா, ஒடுகத்தூர் என்று ஊர் ஊராகப் பஸ் ஏறி வருகிற பெண்கள் மதியம் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி டிபன் பாக்ஸிலிருந்து இன்னொருத்தி எடுத்துச் சாப்பிடுவார்கள். அந்தச் சொல்லை உண்டாக்கியவர்கள் இதைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

ரொட்டியைத் தேடிப் போனால் வழியில் ஆங்கில லார்டும் வந்து நிற்கிறார். பழைய ஆங்கிலத்தில் அது 'ஹ்லாஃப்வேர்ட்'. ஹ்லாஃப் என்பது இன்றைய லோஃப், அதாவது முழு ரொட்டி. வேர்ட் என்றால் காவலர். லேடி என்பது அதேபோல ரொட்டி பிசைபவள். போலந்தின் பானுக்கும் ஸ்பெயினின் பானுக்கும் எந்த உறவும் கிடையாது. ஒன்று எசமான், ஒன்று ரொட்டி. ஆனால் மூன்றாவது மொழி ஒன்றில் எசமானின் பெயரே ரொட்டிக் காவலன் என்று இருக்கிறது. நோட்டில் இந்தப் பக்கத்தை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.

தையல் பிரிவில் எனக்கு ஒரு தோழி உண்டு. மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் முகாமில் வளர்ந்தவள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வேலூர்க்காரி என்றுதான் நினைப்பீர்கள், 'இன்னாக்கா', 'வந்துக்கினு' எல்லாம் அப்படியே வரும். அவள் அம்மா மாறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போயிருந்தபோது அந்த அம்மா கேட்டார்: 'பிள்ளை, பாண் தரட்டோ? சம்பல் இடிச்சு வச்சிருக்கிறன்.'

எனக்குச் சட்டென்று புரியவில்லை. தட்டில் ரொட்டித் துண்டும் தேங்காய்ச் சம்பலும் வந்த பிறகு, எல்ச்சேக்காரர் அட்டையில் வரைந்த படம்தான் கண் முன்னால் வந்தது. அதே சொல்! போர்ச்சுகீசியர் 1505-இல் இலங்கைக் கரைக்கு வந்தார்கள், அவர்களோடு ரொட்டியும் அதன் பெயரும் வந்தது. சிங்களத்திலும் பாண்தான். அதே போர்ச்சுகீசியர் 1543-இல் ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்தார்கள், அங்கேயும் ரொட்டிக்கு இன்றுவரை பான் என்றுதான் பெயர். கோவா வழியாக வந்து பம்பாயில் வடையை உள்ளே வைத்துக்கொண்டு நிற்கிற பாவும் இந்தக் குடும்பம்தான். தமிழ்நாட்டில் நமக்கு அது ரொட்டி, இல்லாவிட்டால் பிரெட். ஒரே தமிழில் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு கப்பல் கொண்டுவந்த சொல், இந்தப் பக்கம் இன்னொரு கப்பல் கொண்டுவந்த சொல்.

கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்ரமராஜசிங்கன் எங்கள் வேலூர்க் கோட்டையில்தான் கைதியாக இருந்து 1832-இல் இறந்தார். பாலாற்றங்கரையில் அவர் சமாதி, முத்துமண்டபம், இருக்கிறது. அவரோடு வந்த குடும்பமும் பரிவாரமும் இந்தக் கோட்டைக்குள் உட்கார்ந்து எதை எதை எந்தப் பெயரால் கேட்டிருப்பார்கள் என்று, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். இந்தப் பதிவுக்கு அது சம்பந்தமில்லை. ஆனாலும் எழுதத் தோன்றியது.

வாணியம்பாடி அண்ணன் வாங்கி வந்த பானுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். அது சமஸ்கிருதப் 'பர்ண'த்திலிருந்து வந்தது, பொருள் இலை, அவ்வளவுதான். சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிரே வங்காளத்திலிருந்து வரும் நோயாளிகளுக்காகக் கடைப் பலகைகளில் வங்காள எழுத்து இருக்கிறதே, அவர்களுக்கும் வெற்றிலை பான்தான். ஆங்கிலத்தில் அதே இலைக்கு பீட்டல் என்று பெயர். அது எங்கிருந்து வந்தது என்றால், மலையாளக் கரையில் 'வெற்றில' என்று காதில் விழுந்ததைப் போர்ச்சுகீசியர் தங்கள் வாய்க்கு ஏற்றபடி எடுத்துப் போனதிலிருந்து. இலங்கைக்குப் பாணைக் கொடுத்தவர்கள் இங்கிருந்து வெற்றிலையை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

சரி, இப்போது சித்தப்பா விஷயம். இதை எழுத உட்கார்ந்ததே அவரால்தான்.

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி சுற்றி வந்தது. ஆங்கிலத்தில் சமையல் சட்டிக்குச் சொல்லும் 'பேன்' தமிழ்ப் 'பானை'தான், வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டு மறைத்துவிட்டான் என்று. கீழே நான்கு கை கூப்பும் படம். சித்தப்பா அதைப் போட்டுவிட்டு எனக்குத் தனியாகப் போனும் செய்தார். 'இன்னா பாப்பா, கொசப்பேட்டையில இருந்துக்கினு இதுகூடவா உன் நோட்டுல இல்ல? நம்ம ஊர்ப் பேர்லயே கொசவர் இருக்காங்க.' கொசவர் என்றால் குயவர். சித்தப்பாவின் பெருமை எனக்குப் புரிகிறது, எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் அந்தச் செய்தி தப்பு. தப்பு என்று அவரிடம் சொன்னேன். ஏன் என்று சொல்வதற்குப் போனில் நேரம் போதவில்லை.

சித்தப்பா, நைனாவின் வேலை உங்களுக்குத் தெரியும். சாயம் ஏற்றிய தோல்களை ரகம் பிரிப்பது. கறுப்புச் சாயம் ஏறிவிட்டால் வெள்ளாட்டுத் தோலும் செம்மறித் தோலும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். நைனா நிறத்தைப் பார்க்க மாட்டார். வெளிச்சத்தில் சாய்த்து, மயிர்க்கண்களை, அதாவது மயிர் முளைத்திருந்த பொடித் துளைகளை, பார்ப்பார். வெள்ளாட்டுக்கு அது வரிசை வரிசையாக, பெரிய கண்ணும் சின்னக் கண்ணுமாக ஓர் ஒழுங்கில் இருக்கும். செம்மறியின் மேல்படலம் தளர்வு, விரலால் மடித்தால் அடியிலிருந்து விலகுகிற மாதிரி சுருங்கும். 'மேல பாத்து சொல்றவன் வியாபாரத்துக்கு ஆவ மாட்டான்' என்பார். சொல்லுக்கும் மயிர்க்கண் உண்டு. ஒரு சொல் இன்னொன்றைப் போல ஒலிக்கிறது என்பது சாயம் மட்டும்தான்.

ஆங்கிலப் பேனின் மயிர்க்கண்ணைப் பார்க்க வேண்டுமானால் ஜெர்மனுக்குப் போக வேண்டும். அங்கே அது 'ப்ஃபன்ன'. ஆங்கிலத்தில் ப் என்று தொடங்குகிற பல பழைய சொற்கள் ஜெர்மனில் ப்ஃப் என்று தொடங்கும். பெப்பர் அங்கே ப்ஃபெஃபர். பவுண்ட் ப்ஃபுண்ட். பைப் ப்ஃபைஃப. வரிசை வரிசையாக, வெள்ளாட்டுத் தோல் மாதிரி. இந்த ஒலி மாற்றம் ஜெர்மன் நிலத்தில் 1,300 வருஷங்களுக்கு முன்பு நடந்து முடிந்துவிட்டது. பேன் என்ற சொல் அந்த மாற்றத்துக்குள் மாட்டியிருக்கிறது என்றால் அதற்கு முன்பே அந்த வீட்டில் இருந்திருக்கிறது. அதற்கு மேலே லத்தீனில் 'பதினா' என்றொரு அகலமான தட்டு இருந்தது, அதிலிருந்து வந்ததாகத்தான் பலரும் சொல்கிறார்கள். நம்முடைய பானை நம்முடையது. அதற்கு வெள்ளைக்காரன் சட்டியை வாரிசாகக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை.

நம்மிடமிருந்து போன சொற்கள் இருக்கின்றன, சித்தப்பா. கட்டுமரம் போயிருக்கிறது, சுருட்டு போயிருக்கிறது, மிளகுத்தண்ணீர் ஒரு சூப்பாகிப் போயிருக்கிறது. பெப்பர் என்பதே இந்தியாவின் பிப்பலி, கிரேக்கம் லத்தீன் என்று கை மாறிப் போனது. இவை ஒவ்வொன்றுக்கும் சரக்கு இருக்கிறது, போன வழி இருக்கிறது, வழியில் யார் எப்படி உச்சரித்தார்கள் என்ற எழுத்து இருக்கிறது. நான் செய்கிற வேலையில் சொன்னால், இன்வாய்ஸ் இருக்கிறது. பானைக்கு அப்படி ஒரு தாளும் இல்லை.

நம் ஊர்ப் பெயரிலேயே இந்தச் சிக்கல் உண்டு. ஆற்காடு என்றால் ஆறு காடுகள் என்று சிலர் சொல்கிறார்கள், ரிஷிகள் ஆறு பேர் தங்கிய காடுகள் என்று கதையும் இருக்கிறது. ஆர் என்பது ஆத்தி மரம், ஆத்தி நிறைந்த காடு ஆர்க்காடு என்று சிலர் சொல்கிறார்கள். றகரமா ரகரமா என்று ஓர் எழுத்தில் காடே மாறிவிடுகிறது. நம் பக்கத்து ஊருக்கே இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறது.

அதே பேன் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் இடம் இருக்கிறது. டச்சுக்காரர்களுக்கு 'பான்' என்றால் சமையல் சட்டி, அதோடு கூரையில் போடும் ஓடும் பான்தான். ஸ்வீடன்காரர்கள் 'பன்னா' என்றால் சட்டி, நெற்றியும் பன்னாதான். டென்மார்க்கிலும் அப்படியே. சட்டிக்கும் கூரைக்கும் நெற்றிக்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் விழித்தேன். அப்புறம் எங்கள் வீட்டுக் கூரையைப் பார்த்தேன். நாட்டு ஓடு. தலைக்குள் இருப்பது மண்டை ஓடு. சாமியார் கையில் ஏந்துவது திருவோடு. மூன்றும் நமக்கு ஒரே ஓடுதான்! வளைந்து, கெட்டியாக, ஒன்றை மூடுவது அல்லது ஏந்துவது. பாலாற்றங்கரைக்காரன் கண்ணுக்கும் வடகடல் கரைக்காரன் கண்ணுக்கும் கூரையும் மண்டையும் சட்டியும் ஒரே வடிவமாகத் தெரிந்திருக்கிறது. சொல்லுக்குச் சொல் உறவு இல்லை, கண்ணும் மனசும் ஒரே மாதிரி வேலை செய்திருக்கின்றன. சித்தப்பா, நீங்கள் அனுப்பிய செய்தியைவிட இது பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது. இதை நீங்கள் குழுவில் போட்டால் நானும் கை கூப்புகிறேன்.

மீதிப் பக்கங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரான்சில் பி, ஏ, என் என்று எழுதினால் சுவரின் ஒரு பகுதி, கோட்டின் தொங்கும் முனை. லத்தீனில் துணிக்கு 'பன்னுஸ்', அதிலிருந்து பிறந்தது. ஜன்னல் கண்ணாடியின் பேனும், எங்கள் தையல் பிரிவில் நாள் முழுக்கக் கேட்கும் 'சைடு பேனல்' என்பதும் அந்தத் துணியின் பிள்ளைகள். வேல்ஸ் மொழியில் இதே எழுத்து 'நான் வந்தபோது' என்பதில் உள்ள 'போது'. அதன் வேர் ஒரு பழைய கேள்விச் சொல். இந்திக்காரர்கள் கப், கௌன், கஹாங் என்று ககரத்தில் கேட்பதைத்தான் வேல்ஸ்காரர்கள் பகரத்தில் கேட்கிறார்கள். இதுவும் வரிசையாக வருகிற மயிர்க்கண்தான்.

கிரேக்கம் மட்டும் இரண்டு பக்கம். அங்கே 'பான்' என்றால் எல்லாம். 2020-இல் கன்டெய்னர்கள் நின்றுபோய், ஆறு வாரச் சரக்கு குடோனில் அடுக்கிக் கிடந்தபோது நாமெல்லாம் கற்றுக்கொண்ட பான்டெமிக்கில் இருப்பது அந்தப் பான்தான், எல்லா மக்களுக்கும் வந்தது என்ற பொருளில். கல்யாண வீட்டில் வீடியோக்காரர் 'கேமராவை அப்படியே பேன் பண்ணு' என்பாரே, அது பனோரமாவின் சுருக்கம், அதுவும் இந்தப் பான்.

ஆனால் கிரேக்கர்களுக்கு பான் என்று ஒரு தெய்வமும் இருந்தது. ஆர்க்கேடியா மலைக்காட்டில் மந்தை காக்கிற தெய்வம். இடுப்புக்குக் கீழே வெள்ளாட்டுக் கால், தலையில் கொம்பு, கையில் குழல். ஆளில்லாத இடத்தில் மந்தை காரணமில்லாமல் மிரண்டு ஓடினால் பான் வந்துவிட்டது என்பார்கள். பேனிக் என்ற சொல் அந்த மிரட்சிதான். இந்தப் பெயருக்குக் காரணம் கேட்டபோது அவர்கள் பழைய பாட்டு ஒன்று, குழந்தையைப் பார்த்து எல்லாத் தேவர்களும் மகிழ்ந்ததால் 'எல்லாம்' என்று பெயர் வைத்தார்கள் என்கிறது. ஆய்வாளர்கள் ஒத்துக்கொள்வதில்லை. மேய்ப்பது, காப்பது என்ற பொருளுள்ள வேறொரு பழைய வேரைக் காட்டுகிறார்கள். வேதத்தில் வழி காட்டும் பூஷனோடு இவரைச் சேர்த்துப் பார்ப்பவர்களும் உண்டு. பூஷனுடைய தேரை இழுப்பதும் ஆடுகள்தான். தங்கள் சொந்தத் தெய்வத்தின் பெயருக்கே கிரேக்கர்கள் ஒலியை மட்டும் பார்த்து விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். நம் சித்தப்பாக்கள் தனியாக இல்லை. ஆட்டுக்கால் தெய்வத்தைப் பற்றி நைனாவிடம் சொல்ல எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. சொல்லியிருந்தால் முதலில் வெள்ளாடா செம்மறியா என்று கேட்டிருப்பார்.

தோழியின் அம்மா கதை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. போன வாரம் தோழி சொன்னாள். அவள் மகள் எட்டாவது படிக்கிறாள், பாட்டி கேட்டாள் என்று சத்துவாச்சாரியில் ஒரு பேக்கரிக்குப் போயிருக்கிறாள். பாட்டி சொல்லி அனுப்பியபடியே 'ஒரு றாத்தல் பாண்' என்று கேட்டிருக்கிறாள். றாத்தல் என்றால் பவுண்டு எடை. கடைப் பையனுக்கு றாத்தலும் புரியவில்லை, பாணும் புரியவில்லை. பன் என்று நினைத்து நான்கு பன்னைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டான். பிள்ளை வீட்டுக்கு வந்து, இனிமேல் நான் பிரெட் என்றே கேட்கிறேன் என்று சொல்லிவிட்டதாம். பாட்டி ஒன்றும் சொல்லவில்லையாம். பன்னையே பிட்டுச் சம்பலோடு சாப்பிட்டிருக்கிறார்.

மறுநாள் நானே பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பேக்கரியில் வெட்டாத முழு ரொட்டி ஒன்று வாங்கி, 'பாண், அம்மாவுக்கு' என்று உறையின் மேல் எழுதித் தோழியிடம் கொடுத்தனுப்பினேன். திங்கட்கிழமை மதியம் அதில் பாதி டிபன் பாக்ஸில் திரும்பி வந்தது, தனியாக ஒரு கிண்ணத்தில் சம்பலோடு. தையல் பிரிவில் ஏழு பேர் உட்கார்ந்து சாப்பிட்டோம். தோழி கேட்டாள், 'ஏன்க்கா, அந்த போலந்துக்காரங்க பாணுக்கு இன்னா சொல்வாங்க?'

'ஹ்லெப்' என்றேன். ஜெர்மானியர்களிடமிருந்து போன சொல் அது, லார்டு காவல் நிற்கிற அதே ஹ்லாஃபின் தம்பி. அதையெல்லாம் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. மிஷினுக்கு நடக்கும்போது அவள் 'ஹ்லெப், ஹ்லெப்' என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.